கணனி சாகலாம், பேர் சாகக் கூடாது

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் 'பேர்' என்ற சொல்லின் பாரத்தை நாம் விளக்கத் தேவையில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், பனியிலும் மழையிலும் மலையேறி, அந்தியில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் கேட்கின்ற கேள்வி ஒன்றுதான்: "இன்னைக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" செக்றோலில் பேர் விழுந்தால் அன்றைய உழைப்புக்குக் கூலி உண்டு. விழாவிட்டால் முதுகு வலித்ததுதான் மிச்சம்.

மண்சரிவாலும் வெள்ளத்தாலும் இடம்பெயர்ந்து நிற்கின்ற குடும்பங்களின் நிலையும் இன்று இதுவே. முகாமில் உலர் உணவு, படுக்கப் பாய், பிள்ளைக்குப் பாடசாலைக் கொப்பி, அழிந்த மரக்கறித் தோட்டத்துக்கு நட்டஈடு, கடைசியில் ஒரு வீடு ஆகிய எல்லாமே ஏதோ ஒரு பட்டியலில் பேர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே கிடைக்கின்றன. அந்தப் பட்டியல் முன்பு கொப்பியில் இருந்தது. இப்பொழுது பெரும்பாலும் கணனியில் இருக்கிறது. அந்தக் கணனியோ, பல இடங்களில், வேறு யாரோ கழித்து ஒதுக்கிய பழைய கணனி. அது ஒருநாள் நின்றுபோனால் நமது பேர் என்னாகும்?

கணனி நமக்கு எட்டாத விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம், அன்பர்களே. பெட்டி யாருடையதாகவும் இருக்கலாம். உள்ளே இருக்கும் பேர் உங்களுடையது.

மலை சரிந்த அன்று

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவில், கொஸ்லந்தைக்கு மேலே உள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த நாளை ஊவாவில் எவரும் மறக்க மாட்டார்கள். அதற்கடுத்த நாட்களில் நடந்த இன்னொன்றையும் நாம் மறக்கக் கூடாது. மண்ணுக்குள் எத்தனை பேர் என்று கேட்டபோது ஆளுக்கொரு தொகை சொல்லப்பட்டது. நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள், முந்நூறு என்றும் செய்தி வந்தது. நாட்கள் செல்லச் செல்ல அந்தத் தொகை பெரிதும் குறைந்தது.

ஏன் இந்தத் தடுமாற்றம்? பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருந்தார்கள். இளைஞர்கள் பலர் கொழும்பில் வேலைக்குப் போயிருப்பது மலையகக் குடும்பங்களின் வழக்கம். ஒரு லயத்தில் பதிந்தவர் வேறொரு லயத்தில் குடியிருப்பதும் சாதாரணம். அன்று காலை யார் எங்கே இருந்தார் என்பதைச் சொல்லக்கூடிய ஒரே பட்டியல், எல்லோருடைய கையிலும் இருக்கவில்லை. தேடியவர்கள் மண்ணையும் தோண்ட வேண்டியிருந்தது, பேர்களையும் தோண்ட வேண்டியிருந்தது.

தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும், பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கினார்கள். புது வீடு கிடைக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் பதுளை மாவட்டம் மறுபடியும் மண்சரிவுகளைக் கண்டது. மறுபடியும் முகாம்கள், மறுபடியும் பட்டியல்கள். இத்தனை காலமும் ஒரு குடும்பத்தின் பேர் பழுதின்றி, மாறாமல், தேடியதும் கிடைக்கும்படி இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் என்பது நல்ல கணனிக்குப் பெரிய காலம் அல்ல. பழைய கணனிக்கு அது நீண்ட காலம்.

கொழும்பில் பிறந்த ஒரு மென்பொருள்

இந்தப் பிரச்சினைக்கு உலகமே பயன்படுத்திய ஒரு விடை நமது நாட்டில்தான் பிறந்தது என்பதைப் பலர் அறியார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. பிள்ளையைத் தேடும் தாயின் பேர் ஒரு முகாமில், தாயைத் தேடும் பிள்ளையின் பேர் மற்றொரு முகாமில். ஓர் ஊருக்கு மூன்று நிறுவனங்கள் அரிசி கொடுத்தன, அடுத்த ஊருக்கு ஒருவரும் போகவில்லை.

அந்நாட்களில் கொழும்பில் கணனித் துறையில் பணியாற்றிய தொண்டர்கள் ஒன்றுகூடி, லங்கா சொஃப்ட்வெயர் பவுண்டேசன் என்னும் அமைப்பின் கீழ் ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதற்குச் 'சஹானா' என்று பேரிட்டார்கள். நமக்கு அது இராகத்தின் பேர். சிங்களத்திலே 'சஹன' என்றால் நிவாரணம். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, எந்த நிறுவனம் எங்கே என்ன செய்கிறது என்ற பதிவு, உதவிக் கோரிக்கைகளின் பதிவு ஆகியவை அதில் இருந்தன. அரசாங்கத்தின் தேசிய செயற்பாட்டு நிலையமும் அதனைப் பயன்படுத்தியது.

அவர்கள் அதனைப் பூட்டி வைக்கவில்லை. எழுதிய நிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று வெளியிட்டார்கள். ஆகவே 2005இல் பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோது அது அங்கே போனது. 2006இல் பிலிப்பைன்சின் லெய்ட்டே தீவில் நம்முடையதைப் போன்ற மண்சரிவு ஒன்று ஒரு கிராமத்தையே மூடியபோது அங்கேயும் போனது. 2010இல் ஹெய்ட்டி பூமியதிர்ச்சியின்போதும் பயன்பட்டது. அமெரிக்காவிலுள்ள சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயன்பாட்டுக்கான தனது 2006ஆம் ஆண்டு விருதைச் சஹானாவுக்கு வழங்கியது.

நமது கருத்துக்கு முக்கியமானது வேறொன்று. சஹானாவின் முதற்பதிப்பு பி.எச்.பி. என்ற மொழியில் எழுதப்பட்டு, மை எஸ்.கியூ.எல். என்ற தரவுத்தள மென்பொருளின் மீது இயங்கியது. இரண்டும் திறந்தவை, காசு கேட்காதவை, பெரிய இயந்திரத்தை வேண்டாதவை. இணையம் அறுந்துபோன இடத்திலும் ஒரே மடிக்கணனியில் இதனை ஓட்டலாம். பேரிடர் நேரத்தில் கைக்குக் கிடைப்பது புதிய கணனி அல்ல, இருக்கிற கணனிதான்.

இலவசம் வேறு, திறந்தது வேறு

தரவுத்தளம் என்றால் என்ன? சுருக்கமாகச் சொன்னால், தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் ஒரு பேரேடு. செக்றோலில் 'கறுப்பாயி' என்ற பேரைத் தேடக் கணக்கப்பிள்ளை பக்கம் பக்கமாகப் புரட்டுவார். தரவுத்தளம் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துத் தரும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, கர்ப்பிணிகள் எத்தனை என்றாலும் எண்ணிச் சொல்லும்.

திறந்த மென்பொருளை நாம் விதைநெல்லுக்கு ஒப்பிடலாம். சொந்த விதை வைத்திருக்கும் கமக்காரன் அறுவடையில் ஒரு பங்கை எடுத்து வைத்து மறுபோகத்துக்கு விதைக்கிறான், அயலானுக்கும் கொடுக்கிறான். கடையில் வாங்கும் கலப்பின விதை நல்ல விளைச்சல் தரலாம். ஆனால் ஒவ்வொரு போகமும் கடைக்குப் போக வேண்டும். கொம்பனி அந்த விதையை நிறுத்திவிட்டால் போகமும் நின்றுவிடும். பூட்டிய மென்பொருளும் அப்படியே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இலவசமாகக் கிடைப்பதெல்லாம் திறந்தது அல்ல. 1980களின் நடுவிலிருந்து யுனெஸ்கோ நிறுவனம் சி.டி.எஸ். ஐசிஸ் என்ற தரவுத்தள மென்பொருளை வளர்முக நாடுகளின் நூலகங்களுக்கு இலவசமாக வழங்கியது. நமது பகுதிகளிலும் நூல்நிலையங்கள் அதனால் பெரும் பயன் பெற்றன. ஆனால் அதன் நிரல் திறந்ததாக இருக்கவில்லை. டொஸ் காலத்துப் பழைய பதிப்பு 64 பிட் விண்டோஸ் கணனிகளில் நேரடியாக ஓட மறுத்தது. நல்ல காலமாக, பதிவுகளை வெளியே எடுப்பதற்கான ஒரு பொது வடிவம் அதில் இருந்தது. அதனால் நூற்பட்டியல்கள் பல பிழைத்துக்கொண்டன, பின்னர் அவ்வழியில் திறந்த மென்பொருள்களும் எழுந்தன. கதவு பூட்டியிருந்தாலும் யன்னல் திறந்திருந்தது என்று சொல்லலாம். யன்னலும் இல்லாத மென்பொருளில் மக்களின் பேரை வைப்பது அறிவுடைமை ஆகாது.

நமது அலுவலகத்துப் பெட்டி

இனி நமது சொந்தக் குறையைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலத்தில், மண்சரிவு அபாயத்தால் லயங்களை விட்டு வந்த குடும்பங்களை நமது நிலையத்தில் பதிவு செய்தோம். கணனி ஒரு பென்டியம் 4. ஓர் அலுவலகம் கழித்த பின் நமக்கு வந்தது. 512 மெகாபைட் நினைவகம், 40 கிகாபைட் வன்தட்டு. அதில் ஒரு சிறு குடும்பப் பதிவேட்டை மை எஸ்.கியூ.எல். கொண்டு ஓட்டினோம். வேலை ஒழுங்காகவே நடந்தது. பதிவு செய்த திகதியைக் கணனியே போட்டுக்கொள்ளும். அதைக் குறித்து நாம் பெருமையும் பட்டோம்.

ஒரு நாள் மின்சாரம் நின்றது. மறுநாள் மாலைதான் வந்தது. கணனியை மூட்டினோம், ஓடியது, பதிவைத் தொடர்ந்தோம். பல வாரங்களின் பின் வீட்டுத்திட்டம் ஒன்றுக்காகப் பட்டியல் கேட்டார்கள். குறிப்பிட்ட திகதிக்குள் பதிந்தவர்களே தகுதியானவர்கள். நாம் கொடுத்த பட்டியலில் பதினேழு குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி பதிந்ததாக இருந்தது. பட்டியலைப் பார்த்த உத்தியோகத்தர் மரியாதையாகவே கேட்டார்: "ஃபாதர், ஒன்பது வயதுப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே முகாமுக்கு வந்து பதிந்திருக்கிறதே?"

காரணம் மிகச் சிறியது. கணனியின் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு பற்றரி இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். பழைய கணனியில் அது எப்போதோ செத்திருந்தது. மின்சாரம் நின்றதும் கடிகாரம் ஆதிக்குப் போய்விட்டது. நாம் கவனிக்கவில்லை.

அந்தப் பதினேழு குடும்பங்களில் ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். "சாமி, மழையில நனைஞ்சுகிட்டு அன்னைக்கே வந்து பேரு குடுத்தோமே. நீங்கதானே எழுதுனீங்க?" என்றார். நமக்குப் பதில் இல்லை.

இரண்டு விடயங்கள் அவர்களைக் காப்பாற்றின. ஒன்று, தரவுத்தளம் ஒவ்வொரு பதிவுக்கும் தானாகவே இடும் தொடர் எண். கடிகாரம் பின்னே போனாலும் அந்த எண் பின்னே போகவில்லை. 211ஆம் பதிவில் சரியான திகதி இருந்தது. 212 முதல் 228 வரை தவறு. 229இல் மீண்டும் சரியான திகதி. ஆகவே நடுவில் உள்ளவை எந்த நாட்களுக்குள் பதியப்பட்டவை என்று காட்ட முடிந்தது. மற்றது, நமது நிலையத்தில் தொண்டு செய்த பெண்பிள்ளை ஒருத்தி கணனியை முழுதாக நம்பாமல் கொப்பியிலும் எழுதி வைத்திருந்தாள். இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டியபோது பதினைந்து குடும்பங்களின் பேர் ஏற்கப்பட்டது. கொப்பியில் விடுபட்டிருந்த இரு குடும்பங்கள் அடுத்த பட்டியலுக்காக ஏழு மாதங்கள் காத்திருந்தன. அந்தத் தவறு நம்முடையது. அந்த ஏழு மாதங்களை நாம் திருப்பிக் கொடுக்க முடியாது.

பழைய பெட்டியை ஓடவைப்பது

அதன் பின்னரே நாம் இந்தக் கணனியை ஒரு கறவை மாட்டைப் பார்ப்பதுபோலப் பார்க்கக் கற்றோம். கற்றதில் பயனுள்ளதைக் கீழே தருகிறோம்.

முதலில் உடம்பு. நாணயப் பற்றரியை மாற்றுவது சிறு செலவு. அதைத் தள்ளிப்போட வேண்டாம். மலைநாட்டு ஈரமும் தூசியும் சேர்ந்து விசிறியில் களிபோல ஒட்டிக்கொள்ளும். விசிறி மெதுவாகச் சுற்றினால் சூடு ஏறும், கணனி காரணமின்றி நிற்கும். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து மென்தூரிகையால் துடைக்கலாம். தாய்ப்பலகையில் சிறு உருளைகள்போல நிற்கும் மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால் அது ஆபத்தின் அறிகுறி. வன்தட்டு 'டக் டக்' என்று ஒலித்தால் அன்றே பிரதி எடுக்க வேண்டும். நாளை என்று விடக்கூடாது.

அடுத்தது சுமை. பழைய கணனி மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் நாம் ஏற்றும் சுமையே காரணம். அலங்காரத் திரைகள் இல்லாத லினக்ஸை நிறுவினால் அதே பென்டியத்தில் மூச்சுவிட இடம் கிடைக்கும். தரவுத்தளத்தையும் நமது அளவுக்குக் குறைக்கலாம். மை எஸ்.கியூ.எல். ஒரே நேரத்தில் 151 பேர் வந்து கேட்கலாம் என்று ஆயத்தமாக நிற்கும். நமக்கு ஐந்து பேர் போதும். படித்ததை வைத்துக்கொள்ள 128 மெகாபைட் நினைவகத்தை ஒதுக்கும். நமக்கு 32 போதும். ஆயிரம் குடும்பங்கள், குடும்பத்துக்கு ஐந்து பேர், ஒருவருக்கு ஐந்நூறு எழுத்துகள் என்று வைத்தாலும், தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்ற கணக்கில் மொத்தம் ஏழரை மெகாபைட்தான். கைத்தொலைபேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களின் அளவு அது. ஒரு தோட்டப் பிரிவு முழுவதன் பேரும் ஒரு கலியாணப் படத் தொகுப்பைவிடச் சிறியது.

மூன்றாவது மின்வெட்டு. மை எஸ்.கியூ.எல்.இல் பதிவை வைக்கும் முறைகளுள் முக்கியமானவை இரண்டு. பழைய முறையான மை ஐசாமில், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அட்டவணையே பழுதாகலாம். இன்னோ டி.பி. என்ற மற்ற முறை, நல்ல கடைக்காரர் செய்வதுபோல, முதலில் நாட்குறிப்பில் குறித்துவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றும். பாதியில் விளக்கு அணைந்தாலும் நாட்குறிப்பைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். 2010இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து இம்முறையே இயல்பானது. அதற்கு முந்திய பதிவேடு எவரிடமாவது இருந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான்காவது, கட்டத்தின் அகலம். 2016 தொடக்கம் தேசிய அடையாள அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள் உள்ளன. முன்பு ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், ஆகப் பத்து. பழைய பதிவேட்டில் அந்தக் கட்டம் பத்து எழுத்துக்கே அளந்து வெட்டப்பட்டிருந்தால், புதிய அட்டையின் கடைசி இரு இலக்கங்களைப் பழைய மை எஸ்.கியூ.எல். பதிப்புகள் சத்தமின்றி வெட்டிவிடும். தவறு நடந்ததாகவும் சொல்லாது. பெயர் இருக்கும், ஆள் இருப்பார், இலக்கம் பொருந்தாது. அலுவலகத்தில் 'இது நீங்கள் இல்லை' என்பார்கள். கட்டத்தை அகலமாக்குவது ஒரு வரி வேலை. செய்யாமல் விட்டால் ஒரு குடும்பத்தின் அலைச்சல்.

தமிழ் எழுத்தின் நிலை

நமது பேர் தமிழில் இருக்க வேண்டும் என்பதில் நாம் உறுதியாக இருக்கிறோம். 'இலட்சுமி' சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போய்த் திரும்பி வரும்போது 'லச்சிமி'யாகவும் 'லெட்சிமி'யாகவும் மூன்று பெண்களாகிவிடுகிறாள். ஆனால் தமிழில் எழுதினால் மட்டும் போதாது. எந்த முறையில் எழுதினோம் என்பதும் முக்கியம்.

நமது நாட்டில் பல ஆண்டுகள் பாமினி எழுத்துருவே கோலோச்சியது. திரையிலே தமிழ் தெரியும். உள்ளே சேமிக்கப்படுவதோ ஆங்கில எழுத்துகளின் வரிசை. எழுத்துரு இல்லாத வேறு கணனியில் திறந்தால் புரியாத கிறுக்கல்தான் மிஞ்சும். அகரவரிசையும் பிழைக்கும், தேடலும் பிழைக்கும். யுனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே இலக்கம். மை எஸ்.கியூ.எல். 2004இல் வந்த 4.1 பதிப்பிலிருந்தே அதனை ஏற்கிறது. ஆகவே கணனி பழையது என்பதால் யுனிகோட் முடியாது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதில் ஒரு பொறியும் உண்டு. தரவுத்தளத்தை வேறு எழுத்து முறைக்கு அமைத்துவிட்டு யுனிகோட் தமிழைத் தட்டச்சுச் செய்தால், ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாகப் பதியும். பிறகு எந்த வித்தையாலும் அதனை மீட்க முடியாது. பேர் கொடுத்த மனிதர் ஐந்தாறு கேள்விக்குறிகளாக நிற்பார். பதிவைத் தொடங்குமுன் ஒரு பேரை எழுதி, கணனியை அணைத்து, மறுபடி திறந்து பார்த்துவிட வேண்டும்.

எப்போது விடைகொடுப்பது

பழையதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. திறந்த மென்பொருளும் என்றென்றும் பழைய இயந்திரத்துக்காகக் காத்திருப்பதில்லை. லினக்ஸின் கரு 2013இல் வந்த 3.8 பதிப்பில் 386 கணனிகளைக் கைவிட்டது. 2021இல் வந்த மோங்கோ டி.பி. 5.0 என்ற தரவுத்தளம், ஏறக்குறைய 2011க்கு முந்திய கணனிகளில் இல்லாத ஒரு கட்டளைத் தொகுதியைக் கேட்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டில், 2023இல் வந்த 12ஆம் பதிப்புத்தான் நமது பென்டியம் 4 போன்ற 32 பிட் கணனிகளில் புதிதாக நிறுவக்கூடிய கடைசிப் பதிப்பு. 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் அந்த வசதி இல்லை. 2038 ஜனவரி 19ஆம் திகதி இன்னொரு முட்டுச்சந்தும் இருக்கிறது. நேரத்தை 32 பிட்டில் எண்ணும் பழைய முறை அன்று நிரம்பிவிடும்.

மறுபக்கத்தில், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பல கணனிகள் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் ஒதுக்கப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 64 பிட் கணனிகள். நமது பென்டியத்தைவிடப் பல மடங்கு வலியவை. ஒருவர் கழிப்பது இன்னொருவருக்கு வரமாகலாம். மின்கட்டணத்தையும் எண்ண வேண்டும். பழைய பென்டியம் நூறு வாட் அளவுக்கு இழுக்கும். உள்ளங்கை அளவான ராஸ்பெரி பை போன்ற சிறு கணனி சில வாட்டிலேயே அதே பதிவேட்டை ஓட்டும். கைத்தொலைபேசியையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு அண்ட்ராய்ட் தொலைபேசியினுள்ளும் எஸ்.கியூ.லைட் என்ற திறந்த தரவுத்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2050ஆம் ஆண்டு வரை அதனைப் பேணுவதாக அதை எழுதியவர்கள் வாக்குறுதி தந்திருக்கிறார்கள்.

ஆகவே பெட்டி மாறலாம். மாறும்போது பேர் சேதமின்றிப் போக வேண்டும். இதற்கு வழி ஒன்றுதான். தரவுத்தளத்தின் கோப்புறையை அப்படியே பிரதி எடுத்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது பிழை. ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த பிரதி உடைந்திருக்கும். பதிப்பு மாறினால் புதியது பழைய கோப்புறையைப் படிக்க மறுக்கலாம். போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொரு நல்ல திறந்த தரவுத்தளத்திலும் இதே விதிதான். சரியான முறை, எல்லாப் பதிவுகளையும் வெறும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுப்பது. மை எஸ்.கியூ.எல்.உம் போஸ்ட்கிரெசும் அதற்கென ஒரு கட்டளையைத் தம்மோடு வைத்திருக்கின்றன. அந்தக் கோப்பை எந்தக் கணனியிலும் திறந்து கண்ணாலே வாசிக்கலாம், தேவையானால் அச்சிடலாம். அதுவே நமது விதைநெல். களஞ்சியம் எரிந்தாலும் விதை இருந்தால் போகம் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை

பதிவேட்டைப் பராமரிக்கும் சங்கங்களுக்கும் நிலையங்களுக்கும்:

1. வாரம் ஒருமுறை எழுத்துக் கோப்பாகப் பிரதி எடுங்கள். ஒன்று பென் டிரைவில், ஒன்று வேறு ஊரில், ஒன்று அச்சில். மலை சரிந்தால் ஒரே கட்டடத்தில் இருக்கும் மூன்று பிரதிகளும் ஒன்றாகவே போகும்.

2. எடுத்த பிரதியை மாதம் ஒருமுறை வேறொரு கணனியில் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பிரதி வெறும் நம்பிக்கை மட்டுமே.

3. காலையில் கணனியைத் திறந்ததும் முதலில் திகதியைப் பாருங்கள்.

4. பதிவேட்டுக் கணனியை இணையத்தில் இணைக்காதீர்கள். பழைய மென்பொருளுக்குப் பாதுகாப்பு இல்லை. உள்ளே இருப்பது மக்களின் அந்தரங்கம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மையும் நோக்கியே பேசுகிறது.

5. தோட்டத்து இளைஞர் இருவருக்காவது வேலையைக் கற்றுக்கொடுங்கள். கற்றவர் ஒருவராயின், அவர் கொழும்புக்கு வேலைக்குப் போகும் நாளில் பதிவேடும் நின்றுவிடும். சஹானாவின் வரலாறும் இதையே காட்டுகிறது. முதற்பதிப்பு பி.எச்.பி. மொழியில் இருந்தது. பின்வந்த 'ஈடன்' பதிப்பு பைதன் மொழியில் எழுதப்பட்டது. புதிய கைகள் வந்ததால்தான் அது தொடர்ந்தது.

பேர் கொடுத்த குடும்பங்களுக்கு:

1. பதிந்த உடனே தொடர் எண்ணையும் திகதியையும் துண்டில் எழுதிக் கேளுங்கள். அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

2. உங்கள் வரியைத் திரையிலோ அச்சிலோ காட்டச் சொல்லி, பேரின் எழுத்தையும் அட்டை இலக்கத்தையும் நீங்களே சரிபாருங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் பாடசாலை போகும் பிள்ளையை அழைத்துவரலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

3. அரச அலுவலகப் பட்டியலில் உங்கள் பேர் எப்படி உள்ளது என்று கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி தருகிறது. எழுத்தில் கேளுங்கள்.

நமது முன்னோரின் காலத்தில் 'துண்டு' என்று ஒரு கடதாசி இருந்தது. தொழிலாளியின் கடன் அதில் எழுதப்பட்டிருந்தது. அது அவர்களின் பேரைச் சொன்னது, ஆனால் அவர்களின் கையில் இருக்கவில்லை. துரையின் கையிலும் கங்காணியின் கையிலும் இருந்து அவர்களைக் கட்டிப்போட்டது. 1921இல் சட்டத்தினால் அது ஒழிந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின், நமது பேர் மறுபடியும் நாம் திறக்க முடியாத ஒரு பெட்டிக்குள் போய்விடக் கூடாது. அதைத் திறக்கும் சாவி நம் ஊரில், நம் பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டும்.

நமது அலுவலகத்துப் பென்டியம் இப்பொழுதும் ஓடுகிறது. பக்கத்தில் பழைய கொப்பியும் இருக்கிறது. அந்தத் தாய் இப்பொழுது புது வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை பிரதியை ஏற்றிப் பார்ப்பது அவருடைய மகள். முதலில் அவள் தேடிப் பார்ப்பது 217ஆம் இலக்கத்தை. அது அவர்களுடைய வரி.

குழுவாகக் கலந்துரையாட

1. உங்கள் குடும்பத்தின் பேர் இன்று எந்தெந்தப் பட்டியல்களில் உள்ளது? அவை யார் கையில் உள்ளன?

2. உங்கள் லயம் அல்லது முகாம் இன்றிரவு இல்லாமற் போனால், அங்கிருந்தவர்களின் பேரை நாளைக் காலை யாரால் சொல்ல முடியும்?

3. இந்த வேலையைக் கற்கக்கூடிய இருவர் உங்கள் ஊரில் யார்?